ஆணியைக் கழற்றியவன் நான்

கொடிகாமத்தில் இருக்கும் என் மச்சானைப் பற்றிக் கோயில் வட்டாரங்களில் ஒரு பேச்சு இருக்கிறது. ஆள் நல்லவர்தான், ஆனால் வேலையில் கவனம் போதாது என்கிறார்கள். அது பச்சைப் பொய். அந்தப் பொய்யை மூன்று வருடமாக ஊட்டி வளர்த்தவன் நான்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். இருவரும் சேர்ந்துதான் இந்த ஒலிபெருக்கித் தொழிலைத் தொடங்கினோம். ஆட்களோடு கதைத்து வேலை பிடிப்பது என் பொறுப்பு, எனக்கு வாய் அப்படி. கட்டுவது, தூக்குவது, இறக்குவது எல்லாம் அவன்.

பெரிய ஸ்பீக்கர்களைத் தரையில் வைத்தால் முன்னால் இருப்பவனின் காது கிழியும், பின்னால் இருப்பவனுக்கு ஒன்றும் கேட்காது. அதனால் உயரத் தூக்கித் தொங்கவிட வேண்டும். அதற்கென்று நான்கு கால் விரித்து நிற்கும் ஸ்ராண்ட் இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாகக் குழாய்கள். பக்கத்தில் பூட்டியிருக்கும் வின்சின் கைபிடியைச் சுற்றினால் கம்பிவடம் இழுக்க, குழாய்கள் மேலே எழும்பும், தொங்கும் ஸ்பீக்கர்களும் கூடப் போகும். போன பிறகு பாரத்தைக் கம்பியில் விட்டு வைக்கக் கூடாது. குழாயில் சாணுக்கு ஒரு துளை உண்டு. துளையும் துளையும் நேர்படும் இடத்தில் விரல் தடிப்பான ஓர் இரும்பு ஆணியை மாட்டி, பாரத்தை அதன் மேல் உட்கார வைக்க வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. மச்சான் ஆணியை மாட்டுவான், பிடித்து ஆட்டிப் பார்ப்பான், கீழே ஆட்கள் வராதபடி சுற்றிக் கயிறு கட்டுவான், போன பிறகும் திரும்பி வந்து இன்னொரு தரம் ஆட்டுவான். ஆணிக்குக் காய்ச்சலோ, தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாய் என்று நான் பகிடி பண்ணுவேன். அவன் சிரித்துக்கொண்டே மூன்றாம் தரமும் ஆட்டுவான்.

மூன்று வருடத்துக்கு முன் வலிகாமத்தில் ஒரு கோயில் திருவிழா. அன்றைய திருவிழாச் செலவை ஏற்ற உபயகாரர் குடும்பத்தோடு சுவிஸில் இருந்து வந்திருந்தார். பின்னேரம் நாதஸ்வரக் கச்சேரி வைத்திருந்தார். மச்சான் எல்லாம் கட்டி முடித்துவிட்டு மடைப்பள்ளிப் பக்கம் வயர் இழுக்கப் போயிருந்தான். உபயகாரர் என்னிடம் வந்து, உங்களுடைய சவுண்ட் மாதிரி யாழ்ப்பாணத்தில் வேறு இல்லையாமே என்று தொடங்கினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிறகு விஷயத்துக்கு வந்தார். அந்த ஸ்பீக்கர் கோபுரத்தை மறைக்கிறதாம், வீடியோவில் வடிவாக இல்லையாம், கொஞ்சம் பதித்து, கீழே இறக்கித் தர முடியுமா என்றார். மகளின் கலியாணத்தையும் இங்கேதான் வைக்க யோசிக்கிறோம் என்று சேர்த்துச் சொன்னார்.

நானே கைபிடியைப் பிடித்துச் சற்றுத் தூக்கி, ஆணியை உருவி, இறக்கினேன். அரைச் சாண் இறங்கியதும் கோபுரம் முழுதாகத் தெரிந்தது. கமராக்காரர் போதும் என்று கை காட்டினார். நிறுத்தினேன். துளைகள் நேர்படவில்லை. இன்னும் அரைச் சாண் இறக்கியிருந்தால் ஆணி அடுத்த துளைக்குள் தானாகப் போயிருக்கும். ஆனால் அப்போது தோரணம் மறைபடும் என்றார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு வின்சின் பிரேக் தாங்காதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஆணியைப் போட்டிருந்த களுசானின் பைக்குள் போட்டேன். மச்சானுக்குச் சொல்லவில்லை. சொன்னால் இது சரிவராது என்று ஒற்றைக்காலில் நிற்பான், அந்தப் பெரிய மனிதருக்கு முன்னால் என் மதிப்புப் போய்விடும். இதுதான் உண்மையான காரணம். வேறு நல்ல காரணம் ஏதும் கிடைக்குமா என்று பிறகு எத்தனையோ நாள் தேடிப் பார்த்துவிட்டேன்.

கச்சேரி தொடங்கிச் சனம் கூடியது. நிழல் தேடி வந்த பெண்கள் கயிற்றை ஒதுக்கிவிட்டு ஸ்ராண்டின் கீழேயே கதிரைகளைப் போட்டுக்கொண்டார்கள். நான் மிக்சருக்குப் பக்கத்தில் நின்று உபயகாரரின் மைத்துனரோடு ஊர்க்கதை அளந்துகொண்டிருந்தேன். மச்சான்தான் கண்டான். வின்சின் கைபிடி யாரும் தொடாமலே மெல்ல மெல்லப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, எழும்புங்கோ எழும்புங்கோ என்று கத்தினான். கடைசிப் பெண் விலகும்வரை பிடித்துக்கொண்டே நின்றான். அதற்கு மேல் முடியவில்லை. கைபிடி அவன் பிடியை உதறிச் சுழன்று வந்து வலது மணிக்கட்டில் அடித்தது. ஸ்பீக்கர்கள் சறுக்கி வந்து கதிரைகளை நொறுக்கின. வேறு ஒருவருக்கும் ஒரு கீறல் கூட இல்லை.

கோயில் செயலாளர் வந்தார். ஸ்ராண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆணி போடவில்லையே, யாருடைய வேலை இது என்று கேட்டார். மச்சான் மணலில் இருந்துகொண்டு, முறிந்த கையை மடியில் வைத்தபடி என்னைப் பார்த்தான். ஆணி என் தொடையில் குத்திக்கொண்டிருந்தது.

"ஸ்ராண்ட் வேலை மச்சான்தான் பாக்கிறவர்" என்றேன்.

அதில் ஒரு சொல் பொய் இல்லை. அதுதான் அதிலுள்ள கேவலம். நாட்கணக்கில் இருந்து யோசித்திருந்தாலும் இவ்வளவு சுத்தமான ஓர் அயோக்கியத்தனம் எனக்கு வந்திருக்காது. கேட்ட கையோடு வாயில் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டிலில் கிடந்தபடி அவன் கேட்டான்.

"மச்சான், நான் ஆணி போட்டனான் எல்லோ? ஆட்டிப் பாத்த மாதிரிக் கிடக்கு."

"தெரியேல்லை மச்சான். நான் கவனிக்கேல்லை."

அப்படியென்றால் போடவில்லைப் போல என்று அவன் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டான். ஸ்பீக்கர் அரைச் சாண் பதிந்திருந்ததைக்கூட பிரேக் வழுக்கியதாகவே எடுத்துக்கொண்டான். என்னில் பிழை பிடிக்க அவனுக்குத் தோன்றவேயில்லை.

கை பொருந்தியது, ஆனால் இன்றைக்கும் ஈர வேட்டியைப் பிழிய மாட்டான். அதற்குப் பிறகு ஸ்ராண்டைத் தொடவுமில்லை. தொடச் சொல்லி நானும் கேட்கவில்லை. வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள், அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம் என்பார்கள். நான் ஓம் ஓம் என்று தலையாட்டுவேன். உபயகாரர் மகளின் கலியாணத்துக்கும் எங்கள் சவுண்ட்தான். வெட்கம் கெட்டுப்போய் அங்கே இரண்டாம் தரம் பாயசம் வாங்கிக் குடித்தேன்.

அண்ணன் வரவர ஒரு மாதிரி, வீட்டில் காஸ் மூடியதா, பம்ப் நிறுத்தியதா என்று எந்த நேரமும் எழும்பி எழும்பிப் பார்க்கிறாராம் என்று என் மனைவி கவலைப்படுவாள். வயதுபோனால் எல்லாருக்கும் அப்படித்தான் என்று பூசி மெழுகினேன். அவனுக்கும் எனக்கும் ஒரே வயது.

போன மாதம் உடுவிலில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் குடிபுகுதல். அவனையும் அவன் மனைவியையும் ஏற்றிக்கொண்டு போக வான் வண்டியோடு போனேன். அவன் மனைவி வந்து வானில் ஏறிவிட்டாள். அவன் வீட்டைப் பூட்டி, வாசல் படலை வரை வந்தான். திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தான். வந்தான். திரும்பவும் போனான். ஒவ்வொரு நாளும் இதே கூத்துத்தான் என்று மனைவி வானுக்குள் இருந்து சலித்துக்கொண்டாள். ஐந்தாம் தரம் அவன் போனபோது நான் இறங்கிப் பின்னால் போனேன். பூட்டைப் பிடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தான். களவு பிடிபட்டவன் சிரிப்பது போல இருந்தது.

"என்னை நம்பேலாது மச்சான். உனக்குத் தெரியும்தானே."

அந்த இடத்தில் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துப்போகலாம் போல இருந்தது.

"நீ அண்டைக்கு ஆணி போட்டனி. நான்தான் கழட்டினனான்" என்றேன். மிச்சத்தையும் சொன்னேன். கோபுரம், கமரா, களுசான் பை, ஒன்றையும் விடவில்லை. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

அவன் தன் கை முறிந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஏன் மறைத்தாய் என்றும் கேட்கவில்லை.

"அப்ப நான் போட்டனான்" என்றான். "ஆட்டியும் பாத்தனான்" என்றான்.

பிறகு என்னைக் கடந்து, பூட்டைத் திரும்பிப் பார்க்காமல், விறுவிறுவென்று வானுக்கு நடந்தான். சோதினை பாஸான பிள்ளை வீட்டில் வந்து சொல்வது போல மனைவியிடம் சொன்னான்.

"இஞ்சை, அண்டைக்கு நான் ஆணி போட்டனானாம்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனுடைய தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தாள்.