புளி போட்டு மினுக்கிய செப்புத் தகடு

காலை ஒன்பதுக்கு மோர்னிங்சைட் தரிப்பில் 116ஆம் இலக்க பஸ் ஏறினேன். கட்டணம் மூன்று டொலர் முப்பது சதம். பக்கத்தில் சித்தியின் மகள் கௌசி. அவள் மடியில் துணி சுற்றிய செப்புத் தகடு. பதினோராம் மாடியில் தாங்கள் குடியிருக்கும் கட்டடத்தை மாரிகாலம் முழுக்க அதில் கீறியிருந்தாள். அன்றைக்குக் கடைசி வேலை.

அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை என்று அவளுடைய மாமியார் விடியவே குத்துவிளக்கு மினுக்கியிருந்தார். "கரி பிடிச்ச செம்புத் தட்டமொண்டும் கிடந்தது பிள்ளை. சுடுதண்ணியில புளி போட்டு, கம்பி நாரால உரஞ்சித் திரும்பச் சுத்தி வைச்சிட்டன்" என்றார் என்னிடம். மட்டக்களப்பிலிருந்து விருந்தாளியாக வந்தவள் நான். மாமிக்கும் மருமகளுக்கும் இடையில் கொள்ளி வைக்கத் துணிவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

கெனடி நிலையத்தில் ரயிலுக்கு மாறி, நகர நடுவிலுள்ள ஓவியக்கூடத்துக்குப் போனோம். கௌசி கேட்டுவைத்திருந்த, பழைய இத்தாலியர் ஒருவரின் சிறைச்சாலை அச்சுப்படங்களை அங்குள்ளவர்கள் மேசையில் விரித்தார்கள். வளைவுக்குமேல் வளைவு, எங்கும் போய்ச் சேராத படிகள், எறும்பளவு மனிதர். பார்க்கவே மூச்சு முட்டியது. கௌசி செய்முறையைச் சொன்னாள்: தகட்டில் மெழுகு பூசி, புகையில் கறுப்பாக்கி, ஊசியால் கீறி, அமிலத்தில் இடவேண்டும். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அவளுடைய தூண்களும் சுவர்களும் முன்பே அரித்தாயிற்று. படிகள் மட்டும் இன்னும் மெழுகில்தான் இருக்கின்றன என்றாள். மெழுகு சுடுதண்ணிக்கு உருகிவிடுமே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிற்பகல் அச்சுப் பட்டறையில் துணியை அவிழ்த்தாள். தகடு பூசைச் செம்பு மாதிரி மினுங்கியது. இனியும் மறைக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மையைத் தேய்த்து, துடைத்து, ஈரத்தாள் வைத்து அச்சுப்பொறியை உருட்டினாள்.

தாளில் கட்டடம் கன்னங்கரேலென்று நின்றது. படி ஒன்றுகூட இல்லை. படிகள் இருந்த இடமெல்லாம் மாமி உரஞ்சிய கீறல்கள் சுருள் சுருளாக மை பிடித்து, ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் புகை கிளம்புவதுபோல் விழுந்திருந்தன. எங்கள் ஊர் வீட்டில் தீ என்றால் கதவைத் திறந்து முற்றத்துக்கு ஓடலாம். அந்தப் பதினோராம் மாடியில்தான் இன்றிரவும் நான் படுக்க வேண்டும்.

கௌசி தாளின்மேல் குனிந்தாள்.

"அக்கா, உங்களுக்குப் பயமாக் கிடக்கோ?"

"ஓம்."

"ஒவ்வொரு நாளும் லிஃப்ட்டில ஏறேக்க எனக்கும் உந்தப் பயந்தான். அதைத்தான் மாரி முழுக்கக் கீறப் பார்த்தனான், வரேல்லை" என்றாள். மெதுவாகத் தாளை எடுத்துக் காயப் போட்டாள். "மாமிக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ. உது உப்பிடியே இருக்கட்டும்."