வம்பூயிக்கு ஒரு ஊர்

மலர்கொடி மரக்காணத்து உப்பளத்தில் பதினைந்து வருடம் உப்பு வாரியவள். புருஷன் இறந்த வருடம் காலில் வந்த புண் உப்புத் தண்ணீரில் ஆற மறுத்தது. அந்த வேலையை விட்டு, ஆரோவில்லில் ஒரு கெஸ்ட் ஹவுசில் கூட்டிப் பெருக்கப் போனாள்.

போன ஜூனில் அங்கே கென்யாவிலிருந்து ஒரு குடும்பம் வந்து தங்கியது. கணவர் மண்கட்டடம் கட்டும் படிப்புக்காக வந்தவர். மனைவி பெயர் வம்பூயி. எட்டு வயது மகள், ஐந்து வயது மகன்.

"பேர்லதான் வம்பு இருக்குது, ஆளு தங்கம்" என்று மலர்கொடி மகள் நிவேதாவிடம் சொல்லிச் சிரித்தாள்.

கிறிஸ்துமசுக்கு ஐந்து நாள் இருக்கையில் அறையைப் பெருக்கப் போனபோது, வம்பூயி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மலர்கொடி துடைப்பத்தைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் போதவில்லை. காலேஜில் படிக்கும் நிவேதாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். நிவேதா கேட்டுக் கேட்டுத் தமிழில் சொன்னாள்.

கிறிஸ்துமஸ் வந்தால் நைரோபி நகரமே காலியாகிவிடுமாம். பஸ்சில் நின்றுகொண்டாவது எல்லாரும் சொந்த கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்களாம். வீட்டில் சைப்ரஸ் கிளையை நட்டு, பஞ்சும் பலூனும் கட்டுவார்கள். காலையில் புதுத்துணி, சர்ச். வந்ததும் ஆடு அறுத்து ஆண்கள் நெருப்பில் சுட, பெண்கள் சப்பாத்தி தேய்த்துக் குவிப்பார்கள்.

"சப்பாத்தியா? இங்க சுகர்காரங்கதான் அதைச் சாப்பிடுவாங்க" என்றாள் மலர்கொடி.

வம்பூயி அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். பிறகு சொன்னாள்: இந்த வருஷம்தான் முதல் தடவையாக, போவதற்கு ஒரு ஊர் இல்லை.

"கம் மை ஹவுஸ்" என்றாள் மலர்கொடி. யோசிக்கும் முன்னால் வாயிலிருந்து வந்துவிட்டது.

பஸ்சில் வீடு திரும்பும்போதுதான் ஆட்டின் நினைப்பு வந்தது. ஆட்டுச் செலவு தங்களுடையது என்று வம்பூயி சொல்லியிருந்தாள். ஆனால் நல்ல கிடாவுக்கு யாரைக் கேட்பது? பெருமுக்கலில் கூடப்பிறந்த அண்ணன் தனகோடியே ஆடு வளர்க்கிறான். அவனோடு பேசி ஆறு வருடம் ஆகிறது. நிவேதாவின் சடங்குக்குத் தாய்மாமன் வரவில்லை. பத்திரிகையில் தன் தம்பி பேர் விட்டுப்போனதென்று அண்ணிக்குக் கோபம். பெண் மணையில் உட்கார்ந்திருக்க, "மாமன் எங்க?" என்று ஊரே கேட்டது. அந்தச் சொல் மலர்கொடியின் நெஞ்சில் அப்படியே கிடந்தது.

இரண்டு நாள் தயங்கினாள். மூன்றாம் நாள் காலையில் போன் போட்டாள்.

"நான் மலரு பேசுறேன்."

அவன் பதிலுக்குக் காத்திருக்காமல் மேலே சொன்னாள்.

"ஒரு கிடா வேணும்ணே. ஆப்பிரிக்காக்காரங்க வீட்டுக்கு வர்றாங்க. கிறிஸ்துமசுக்கு ஊருக்குப் போறது அவங்க வழக்கமாம். இந்த வருஷம் நம்ம வீடுதான் அவங்களுக்கு ஊரு."

"நானே புடிச்சிட்டு வர்றேன்" என்றான் தனகோடி. அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸ் அன்று மழை விட்டிருந்தது. உப்புப் பாத்திகளெல்லாம் தண்ணீரில் மூழ்கி, வெயிலில் பளபளத்தன. சர்ச் முடித்து வம்பூயி குடும்பம் ஆட்டோவில் வந்து இறங்கியது. தனகோடி டிவிஎஸ் வண்டியில் கிடாவோடு வந்தான். தங்கை முகத்தைப் பார்க்காமலே கத்தியைத் தீட்டினான்.

வம்பூயியின் கணவரும் அவனுமாக வேலிக்காத்தான் விறகில் நெருப்பு மூட்டினார்கள். கறிக்கு அவர் வெறும் கல்லுப்பைத்தான் தடவினார்.

"மசாலா இல்லாமலா? நல்ல கறிய ஏம்பா பாழாக்குறீங்க?" என்றான் தனகோடி. சுட்டதும் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தான். உடனே இன்னொரு துண்டுக்குக் கை நீண்டது.

உள்ளே பெண்கள் சப்பாத்தி தேய்த்தார்கள். வம்பூயி எண்ணெய் தடவிச் சுருட்டித் தேய்த்தது, சப்பாத்திக்கும் பரோட்டாவுக்கும் நடுவில் இருந்தது. ஈரல் வெந்ததும் அவள் ஏதோ சொன்னாள்.

நிவேதா சொன்னாள்: "அவங்க வீட்டுல பெரியவங்கதான் முதல் துண்டைப் பிள்ளைங்களுக்குக் குடுப்பாங்களாம். இங்க பெரியவங்க யாருன்னு கேக்குறாங்க."

எல்லாரும் தனகோடியைப் பார்த்தார்கள். அவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினான். வம்பூயியின் மகனுக்குக் கொடுத்தான், மகளுக்குக் கொடுத்தான். நிவேதாவிடம் வந்ததும் கை அப்படியே நின்றது.

"அன்னிக்கு நான் வந்திருக்கணும் பாப்பா."

"இப்ப வந்துட்டீங்கல்ல மாமா" என்று அவள் வாயைத் திறந்தாள். அவன் ஊட்டினான்.

மலர்கொடி ஏற்கெனவே தேய்த்த சப்பாத்தியையே மறுபடி மறுபடி தேய்த்தாள், அது கிழிந்து கையோடு வந்தது. வம்பூயி அதை வாங்கி வைத்துவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பொங்கலுக்குத் தனகோடி கரும்பும் நிவேதாவுக்குப் பட்டுப்பாவாடை தாவணியுமாக வந்தான். கூடவே அண்ணியும் வந்தாள். வாசலில் கொஞ்சம் தயங்கி நின்றவளை, "உள்ள வாங்க அண்ணி, உலை கொதிக்குது" என்று மலர்கொடி கைப்பிடித்து அழைத்துப் போனாள்.