முருங்கைக்கீரையும் மங்கின நட்சத்திரமும்

எங்கள் வீட்டில் நட்சத்திரம் பார்த்தது நான். எழுதி வைத்தது அவர். கறம்பக்குடிப் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியாராக இருந்த என் வீட்டுக்காரருக்கு எதையும் உற்றுப் பார்த்தால் கண்ணில் நீர் கொட்டும். அதனால் ஏலத்தில் எடுத்த பித்தளைத் தொலைநோக்கியில் கண்ணை வைக்கும் வேலை எனக்கு வந்தது. இரண்டாவது உலக யுத்தத்துக்கு இரண்டு மூன்று வருடம் முந்திய கதை இது.

அபிஜித் நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் தள்ளி இன்னொரு சின்ன நட்சத்திரம். பதிமூன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை அது உப்பிச் சுருங்கும், வெளிச்சமும் கூடவே ஏறி இறங்கும் என்று அவருடைய புத்தகம் சொன்னது. பக்கத்தில் மாறாத நட்சத்திரங்கள் இரண்டு, ஒன்று பிரகாசம், ஒன்று மங்கல். நம்ம ஆள் அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறான் என்று, மங்கலுக்குச் சைபர், பிரகாசத்துக்குப் பத்து என்று வைத்து, பத்துக்கு இத்தனை என நான் சொல்ல வேண்டும்.

உச்சத்துக்கு வரும்போதெல்லாம் எட்டு இருக்க வேண்டுமாம். முதலில் எட்டுத்தான் சொன்னேன். அப்புறம் ஏழு. மூன்று வாரம் போனதும் ஐந்து.

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேங்க. அஞ்சுதான்."

"புத்தகத்துல அப்பிடி இல்லியே."

போய் என் மாமியாரிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மாவுக்கு யோசனையே வேண்டியிருக்கவில்லை. "இது மாலைக்கண்ணு. அரை மண்டலம், இருவத்துநாலு நாளு, ஈரலும் முருங்கைக்கீரையும் குடு. தெளிஞ்சிரும்."

என் சின்னம்மாவுக்கு மாலைக்கண் வந்தபோது கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஈரலைத் தின்றேன். கீரையைத் தின்றேன். பத்தியம் முடிகிற சமயம் பார்த்தால் எட்டு. மாமியாருக்கு ஒரே பெருமை. பத்தியத்தை விட்டேன். மூன்று வாரத்தில் மறுபடி ஐந்து.

கண் கெட்டால் மூன்று நட்சத்திரமும் சேர்ந்துதானே மங்க வேண்டும்? பக்கத்து இரண்டும் அப்படியே இருக்க, இது ஒன்று மட்டும் மங்குகிற நோய் என்ன நோய்? அவரிடமே கேட்டேன்.

"அதான் எனக்கும் புரியல," என்றார். சொல்லிக்கொண்டே என் ஏழு, ஐந்தையெல்லாம் ரப்பரால் அழித்து எட்டு என்று எழுதினார். அவருக்குக் கோபம்கூட இல்லை, பையன்களின் நோட்டைத் திருத்துகிற மாதிரி திருத்தினார்.

தொலைநோக்கி பெட்டிக்குள் போனது. என் கண் போய்விட்டது என்று நான் நம்பிவிட்டேன். எட்டு ஒன்பது வருடம், பொழுது சாய்ந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். விளக்கு வைத்த பிறகு ஊசியில் நூல் கோக்க மாட்டேன். ஒருநாளும் இடறி விழுந்ததில்லை. சுவரைப் பிடித்ததால்தான் விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

யுத்தம் முடிந்த பிறகு என்ன தோன்றியதோ, அந்தப் பழைய நோட்டைப் பிரதியெடுத்து ஒரு வானாராய்ச்சிக் கூடத்துக்கு அனுப்பினார். இங்கிலீஷில் பதில் வந்தது. எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவரின் குரல் பாதியில் இறங்கிவிட்டது. இந்த வகை நட்சத்திரங்கள் சிலவற்றில் உச்சமே கூடிக் குறையும், உங்களுடையது ஏறக்குறைய நாற்பது நாளுக்கு ஒரு சுற்று, மூன்று வாரம் இறங்கி மூன்று வாரம் ஏறும், உங்கள் நோட்டில் மட்டும் எப்போதும் எட்டு இருப்பது எப்படி என்று கேட்டிருந்தார்கள். இன்னும் எத்தனை நட்சத்திரம் இப்படி என்று அவர்களுக்கே தெரியாதாம். தங்கள் கண்தான் தப்பு என்று பலர் திருத்திவிடுகிறார்களாம். பார்த்ததைப் பார்த்தபடி எழுதிய தாள் இருந்தால் அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அழித்த இடத்தில் தாள் நைந்திருந்தது.

"ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

"அழிச்சது நீங்க. ஞாபகம் மட்டும் நான் வச்சிருக்கணுமா?"

எனக்கு வந்தது சந்தோஷமா ஆத்திரமா என்று எனக்கே பிடிபடவில்லை. சோறு வடிக்கப் போனவள் உலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று பொழுது சாய்ந்ததும் விளக்கை எடுக்காமல் கொல்லைக்குப் போனேன். கிணறு தெரிந்தது. துவைக்கிற கல் தெரிந்தது. முருங்கை மரத்தில் ஒவ்வொரு ஈர்க்கும் தெரிந்தது. என் கை மட்டும் சுவரை விடவில்லை.