வரேன்னு சொன்னா வரணும்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வருடத்தில் ஐந்து நாள்தான் சொந்த நாள். மற்ற நாளெல்லாம் அடுத்தவர் கட்டடத்தில், இரண்டு மாடிக்கு நடுவில், கையும் கிரீஸுமாகக் கழியும். அந்த ஐந்து நாளுக்கு ஏரிக்கரை முகாமில் மூன்று மாதம் முன்பே இடம் பிடித்துவிடுவார். ஒரு கூடாரம், கேஸ் அடுப்பு, ஒரு மடக்கு நாற்காலி. முன்பெல்லாம் நாற்காலி இரண்டு. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது.

இந்த வருடம் பார்த்து அதே வாரத்தில் அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன்.

"நீ ஆஸ்பத்திரிக்கு வந்து என்னத்த கிழிக்கப்போற? என் பொண்ணு ஊர்லேர்ந்து வந்து பார்த்துக்குவா. நீ மாப்பிள்ளைய கூட்டிட்டுப் போ, போதும்."

மாப்பிள்ளை என்பது அக்காவின் நாய். தட்டில் சோறு வைத்து மூன்று தரம் கூப்பிட்டால்தான் எழுந்து வரும். அதனால் அந்தப் பெயர். மகள் வெளியூரில், அத்தானும் இல்லாத வீட்டில் அக்காவுக்குப் பேச்சுத்துணை அது ஒன்றுதான். "இது மேல ஒரு கீறல் விழுந்துச்சு, அப்புறம் என் மூஞ்சியில முழிக்காதே" என்று தம்பியை மிரட்டிவிட்டு, நாயிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இத்தனை செல்லம் கொடுத்தவள் இப்படியா அனுப்புவாள் என்று அவருக்கே மனசு கேட்கவில்லை.

முதல் இரண்டு நாள் நாயின் முறுக்குக்குக் குறைவில்லை. மெத்தையின் நட்டநடுவில் அது. ஓரத்தில், கால் கூடாரத்துக்கு வெளியே நீள, இவர். ஆனால் ஒன்றைக் கவனித்தார்: வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். தண்ணீர் பிடிக்கப் போனாலும் "இதோ வந்துட்டேன்", குளிக்கப் போனாலும் "அஞ்சு நிமிஷம்". வீட்டில் இந்த ஆறு வருடமாகக் கதவைப் பூட்டினார், கிளம்பினார், அவ்வளவுதான். பூட்டிடமா சொல்லிக்கொண்டு கிளம்ப முடியும்?

மூன்றாம் நாள் காலை, ஏரியோரக் குழாயடியில் பாத்திரம் கழுவும்போது அடுப்புக்கு கேஸ் தீர்ந்தது ஞாபகம் வந்தது. பக்கத்து மரத்தடியில் நாய் கண்ணை மூடிக் கிடந்தது. "வரேன்" என்று சொல்லிவிட்டு முகாம் அலுவலகத்துக்கு நடந்தார்.

அங்கே தண்ணீர் மோட்டார் மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. மெக்கானிக்கின் கை சும்மா இருக்குமா? பிரித்து மாட்டி ஓடவிட இரண்டு மணி நேரமாயிற்று. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. குறுக்குப் பாதையில் நேராகக் கூடாரத்துக்கு ஓடினார். நாய் இல்லை.

மழை என்றால் நாய் கூடாரத்துக்குத்தானே ஓடிவரும்? வரவில்லை என்றால் காட்டுக்குள் போயிருக்க வேண்டும். "மாப்பிள்ளை! மாப்பிள்ளை!" என்று மரம் மரமாகக் கத்திக்கொண்டு போனார். பக்கத்துக் கூடாரத்துப் பெரியவர் தலையை நீட்டினார்.

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாருங்களா? பொண்ணையும் விட்டுட்டா போனாரு?"

விளக்கம் சொல்ல நிற்காமல் அடுத்த மரத்துக்கு ஓடினார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அக்கா.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுடா. இன்னைக்கு நாலு அடி நடக்க வெச்சாங்க. மாப்பிள்ளை எப்படி இருக்கான்?"

"அவனுக்கென்ன... நல்லா இருக்கான்."

"அன்னைக்கு அவன்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல, அதான் மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு. நான் என்ன பண்ண? வரேன்னு சொல்லிட்டேன்னா, நான் திரும்பி வர்ற வரைக்கும் அந்த எடத்த விட்டு நகரமாட்டான். உன்கூட வண்டி ஏறியிருக்கவே மாட்டான். அதான் வாயே தெறக்கல."

"அக்கா, அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்துவிட்டு ஓடினார்.

குழாயடி மரத்தில் இலை பாதி, ஓட்டை பாதி. அதன் கீழே, கழுவாத பாத்திரங்களுக்குப் பக்கத்தில், தொப்பலாக நனைந்து, அலுவலகப் பாதையைப் பார்த்தபடி மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தது. அவர் பின்பக்கமாக வந்ததால் முதலில் தெரியவில்லை. தெரிந்ததும் வால் சேற்றை வாரி அடித்தது.

அவர் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டு அழுதார். நாய் கிடைத்ததற்காகப் பாதி அழுகை. தான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி, தனக்காக ஒரு ஜீவன் காத்திருந்ததே, அதற்காகப் பாதி. இனி அப்படி யாரும் இருக்கமாட்டார்கள் என்றல்லவா நினைத்திருந்தார்!

அடுத்த வாரம், வாக்கரைப் பிடித்து நடக்கும் அக்காவிடம் நாயை ஒப்படைத்தார். நடந்ததையும் மறைக்காமல் சொன்னார். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு அவளே சிரித்தாள், சாப்பாடு போடச் சொன்னாள்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டு, பழைய பழக்கத்தில் பேசாமல் படியிறங்கப் பார்த்தார்.

"சொல்லாம கொள்ளாம கிளம்பறியே" என்றாள் அக்கா.

திரும்பினார். நாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. "வரேன்" என்றார்.

மாப்பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்தது.

பஸ் நிறுத்தத்துக்குப் போனார். பஸ்ஸும் வந்தது. அவர் ஏறவில்லை.

தெருமுனையிலேயே வால் ஆடுவது தெரிந்தது. அக்கா வாக்கரோடு வாசலுக்கு வந்தாள். "என்னடா, எதையாவது மறந்துட்டியா?"

"இல்லக்கா. வரேன்னு சொன்னேன்ல?"