சகலையின் ரைன் நதியும் என் சிற்றாறும்

போன அக்டோபரில் என் இடது கால் என் பேச்சைக் கேட்பதை நிறுத்தியது. காலையில் ஐந்தருவியில் குளித்துவிட்டுத் தென்காசிக்கு வந்து என் எலக்ட்ரிக் கடையைத் திறந்தேன். ஷட்டரைத் தூக்கியவன் அப்படியே சரிந்தேன். பக்கவாதம். உயிர் தப்பியது. பயிற்சி செய்தால் நடக்கலாம் என்றார் டாக்டர். எனக்கு நம்பிக்கை இல்லை. பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிசியோதெரபி தங்கச்சியைக் கத்தி விரட்டினேன். கட்டிலே கதி என்று கிடந்தேன்.

என்னை உடைத்தது கிறிஸ்துமஸ் ஆராதனை. எல்லோரும் திருவிருந்து வாங்கப் பீடத்தண்டை போய் முழங்காலிட்டார்கள். எனக்கு மட்டும் போதகர் அப்பத்தையும் திராட்சரசத்தையும் பெஞ்சுக்கே கொண்டுவந்தார். அவர் அன்பாகத்தான் செய்தார். எனக்கு அவமானமாக இருந்தது. வீட்டுக்கு வந்து குமுறி அழுதேன்.

ஈஸ்டர் முடிந்ததும் சகலை ஜெர்மனிக்கு மகள் வீட்டுக்குப் போனார். என் மனைவி கிரேசின் அக்காள் புருஷன், ஓய்வுபெற்ற வாத்தியார், என்னைவிட வயதில் மூத்தவர். போன இடத்தில் சும்மா இருக்க வேண்டியதுதானே? முதுகில் பையை மாட்டிக்கொண்டு ரைன் நதிக்கரையோடு ஊர் ஊராக நடக்கப்போகிறாராம். தெருமுனைக் கடைக்கே ஸ்கூட்டரில் போகிற மனுஷன்!

தினமும் குடும்ப வாட்ஸ்அப்பில் படம் வரும். கப்பல், திராட்சைத் தோட்டம், கோட்டை, நடுவில் தொப்பியோடு சகலை. கீழே "ஸ்தோத்திரம்" வேறு. கிரேஸ் போனை என் முகத்துக்கு நேரே நீட்டுவாள்.

"அத்தான் இன்னைக்கு அடுத்த ஊருக்கே போய்ட்டாவ, பாத்தியளா?"

வயிறு எரிந்தது. மறைக்க மாட்டேன், பற்றி எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் ஜெபித்தேன். "ஆண்டவரே, அவருக்கு ரைனைக் கொடுத்தீர். எனக்கு எங்கள் ஊர்ச் சிற்றாற்றங்கரையாவது கொடும். அவர் திரும்பி வரும்போது என்னைக் கட்டிலில் பார்க்கக் கூடாது."

மறுநாள் காலை நானே வாக்கரைக் கேட்டேன். விரட்டின தங்கச்சியைத் திரும்பக் கூப்பிடச் சொன்னேன். முதலில் வாசல், அப்புறம் தெருமுனை. விழுந்தேன், எழுந்தேன். சகலையின் படம் வராத நாளில் சோம்பல் வரும். வந்துவிட்டால் கால் தானாகத் தரையைத் தேடும். மே மாதக் கடைசியில் கிரேசின் தோளைப் பிடித்துக்கொண்டு சிற்றாற்றங்கரையில் நின்றேன். கணுக்கால் நனையத் தண்ணீர் இல்லை. இருந்தாலும் படம் எடுக்கச் சொல்லிக் குழுவில் போட்டேன். சாரல் விழுந்து ஆற்றில் தண்ணீர் வந்தபின் தினமும் போட்டேன்.

ஒருநாள் சகலையே போன் செய்தார்.

"ஒன் சாரல் போட்டோவப் பாத்து எனக்கு வயிறு எரியுதுடே. இங்கன ரெண்டு காலும் கொப்பளம். முந்தாநாளே ரயிலேறி மக வீட்டுக்குப் போயிருப்பேன். நீ அங்கன நடக்கும்போது நான் எப்படி உக்காருவேன், சொல்லு?"

எங்கள் இரண்டு பேர் பொறாமையையும் ஒரே கர்த்தர் கையில் வைத்திருந்தார்.

ஜூலையில் சகலை ஊர் திரும்பினார். அந்த ஞாயிறு திருவிருந்து. போதகர் வழக்கம்போல் என் பெஞ்சை நோக்கி இறங்கினார்.

"ஐயா, நானே வாரேன்" என்றேன்.

வாக்கர் இல்லை, கிரேசின் தோளும் இல்லை. கைத்தடியை ஊன்றி நடந்தேன். பீடத்தண்டை சகலை நகர்ந்து இடம் விட்டார். பீடத்து முன்கம்பியைப் பிடித்து அவர் பக்கத்தில் முழங்காலிட்டேன். அப்பத்தை வாங்கினேன்.

பிரியமானவர்களே, நல்ல ஜெபம் வாயில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உள்ளே எரிவதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். அவர் முகம் சுளிக்க மாட்டார். இப்போது கடையை நானே திறக்கிறேன், தினமும் நடக்கிறேன். சகலை அடுத்த வருடம் டான்யூப் நதிக்கரையில் நடக்கப்போகிறாராம். கேட்டதும் வயிறு எரிந்தது. ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.