மச்சானின் எஞ்சின் இளைத்த கதை

நின்றுகொண்டே ஓட்டும் ஜெட் ஸ்கீ ஒன்றை நாமே செய்துவிடலாம் என்று முதலில் சொன்னவர் என் மனைவியின் அண்ணன்தான். தொண்ணூறுகளின் தொடக்கம். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் அதன் படம் இருந்தது. குட்டிப் படகு போல ஓர் உடம்பு, முன்னாலிருந்து நீளும் கைப்பிடி, அதைப் பிடித்தபடி பின்னால் நிற்கும் ஆள். எஞ்சின் சுழற்றும் ஒரு விசிறி அடியிலுள்ள ஓட்டை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கம் பீய்ச்சும், அந்த வேகத்தில் வண்டி போகும். மச்சானுக்குச் சேலையூரில் பூர்வீக நிலம். பெரும்பகுதி மனைகளாகிவிட, வைக்கோல் போட்டிருந்த ஷெட் சும்மா கிடந்தது. எனக்கோ சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் மெஷின் பராமரிப்பு வேலை. இடம் அவருடையது, கைவேலை என்னுடையது என்று இறங்கிவிட்டோம்.

எஞ்சினும் அவருடையதுதான். இரட்டை சிலிண்டர் பைக் ஒன்று வைத்திருந்தார். தாம்பரம் மார்க்கெட்டில் அதன் சத்தம் கேட்டாலே கடைக்காரர்கள் அவருக்கு டீ சொல்லிவிடுவார்கள். அந்த பைக்கிலிருந்து எஞ்சினைக் கழற்றிக் கொடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"தண்ணில ஓடலன்னா திரும்ப பைக்லயே மாட்டிக் குடுத்துடணும் மாப்ள."

நானும் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன்.

படப்பைக்கு அப்பால் ஓர் ஏரியில் முதல் சோதனை. மச்சான் ஏறி நின்றதும் பின்பக்கம் அமிழ்ந்து, எருமை போல மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது வண்டி. எஞ்சின் உறுமியது, தண்ணீர் பீய்ச்சியது, ஆனால் உடம்பு மேலே எழும்பவே இல்லை. எடை அதிகம்.

எங்கே எடை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பைக் எஞ்சினில் பாதி கியர்பாக்ஸ். தண்ணீரில் ஓடும் வண்டிக்குக் கியர் எதற்கு? ஆனால் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே அலுமினிய வார்ப்பு. பல்சக்கரங்களை மட்டும் உருவினால் போதாது, பின்பாதிக் கூட்டையே ரம்பத்தால் அறுக்க வேண்டும். அறுத்துவிட்டால் அது இந்த ஜென்மத்தில் மறுபடி பைக்கில் ஏறாது. இதைச் சொன்னதும் மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேற எதுனா கொற மாப்ள. அடில அந்த இரும்பு ஜல்லட கீதே, அதக் கழட்டு. எஞ்சின உட்டுடு."

தண்ணீர் உறிஞ்சும் ஓட்டையில் பாசியும் குச்சியும் போகாமலிருக்க நான் பொருத்திய கம்பிச் சல்லடை அது. கழற்றினேன், போதவில்லை. அவர் சில நாள் ஷெட் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் ஷெட் வாசலில் நின்று, "அறுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, சத்தம் காதில் விழாத தூரத்துக்கு நடந்து போய்விட்டார்.

அறுத்தேன். திறந்த வாயைத் தகடு வைத்து வெல்டிங் செய்து மூடினேன். விசிறியின் தண்டை நேராக எஞ்சினோடு இணைத்தேன். உதைத்துக் கிளப்பும் வழியும் கியரோடு போய்விட்டதால் கயிறு சுற்றி இழுக்கிற மாதிரி ஒரு கப்பி வைத்தேன். சுழலும் கனத்த இரும்புத் தட்டை லேத்தில் கொடுத்து மெலிய வைத்தேன். ஒவ்வொரு முறையும் எஞ்சினைப் பழைய இரும்புக் கடைத் தராசில் கொண்டுபோய் வைத்தேன். எடை குறையக் குறைய எனக்கு வெறி ஏறியது. "இந்த தபாவாச்சும் எடைக்குப் போட்டுட்டுப் போறீங்களா சார்?" என்று கடைக்காரர் கேட்பார். நான் எஞ்சினை அள்ளிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

இரண்டாவது சோதனைக்குக் கிளம்பும் முன் ஷெட்டிலேயே ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்தோம். நன்றாக ஓடியது. ஏரிக்கு என் மனைவியும் பூஜைச் சாமானோடு வந்தாள். மாலை போட்டாள். எடை என்று நான் கழற்றினேன். அவள் பார்த்த பார்வையில் பூஜைத் தட்டை நானே ஏந்திக்கொண்டேன். அடுத்து எலுமிச்சம்பழம். புது வண்டி என்றால் சக்கரத்தடியில் பழம் வைத்து நசுக்கியாக வேண்டும். சக்கரமே இல்லாத வண்டிக்கு என்ன செய்வது?

"முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு வையி. வண்டிய இஸ்துகினு போனா நசுங்கிடும்" என்றார் மச்சான்.

வைத்தோம். இழுத்துத் தண்ணீரில் இறக்கினோம். கயிற்றை இழுத்தேன். எஞ்சின் கிளம்பியது, இருமியது, டக்கென்று நின்றது. மறுபடி இழுத்தேன். கயிறு அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். கல்லில் கட்டிய மாதிரி இருந்தது.

உள்ளே பிஸ்டன் சிக்கி எஞ்சின் இறுகிப்போனால் இப்படித்தான் இருக்கும். அளவுக்கு மீறி இளைக்க வைத்து நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். இனி அது பைக்குக்கும் ஆகாது, தண்ணீருக்கும் ஆகாது. தராசோடு காத்திருக்கும் அந்தக் கடைக்குத்தான். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு மச்சானின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவர் கரையில் உட்கார்ந்தார். "போனாப் போவுது உடு மாப்ள. அந்த பைக்ல போனா எனக்கும் முதுகு வலிதான்" என்றார். அவருக்கு ஒருநாளும் முதுகு வலித்ததில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்கள் இருவரையும் கண்டுகொள்ளாமல் என் மனைவி கரையில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். "ஒரு பழம்தான் நசுங்கியிருக்கு. இன்னொண்ணு எங்க? நசுங்கலேன்னா திருஷ்டி போகாதே" என்றாள்.

நானும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பின்னால் வைத்த பழத்துக்கு நேர் மேலே சல்லடை இல்லாத அந்த ஓட்டை.

பிளக் ஒயர்களைப் பிடுங்கிவிட்டு வண்டியைக் கரையில் ஒருக்களித்துப் போட்டோம். உள்ளே கையை விட்டேன். விசிறி இலைக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவில், சரியாகப் பழுக்காத, கல் போன்ற காய்வெட்டுப் பழம் ஆப்பு மாதிரி இறுகியிருந்தது. விசிறியைப் பின்பக்கம் திருப்பித் துண்டு துண்டாக வெளியே எடுத்தேன். கயிற்றை இழுத்தேன், கப்பி லேசாகச் சுழன்றது. எத்தனையோ மெஷின்களைச் சரிசெய்திருக்கிறேன். அன்றைக்கு மாதிரி மூச்சு விட்டதில்லை.

அதற்குப் பிறகு மச்சான் ஏறினார். முதலில் மண்டியிட்டு, பிறகு தள்ளாடி எழுந்து, ஏரியின் நடுவில் வேட்டியை மடித்துக் கட்டியபடி நின்றுகொண்டு போனார். அடுத்த நாளே சல்லடையை மீண்டும் பொருத்தினேன். எடை கூடியதற்கு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு முறைதான்.

ஆனால் எனக்கு அதைவிட நன்றாக நினைவிருப்பது அன்று வீடு திரும்பிய வழி. எஞ்சின் செத்துவிட்டது என்று நம்பியபோது ஒரு கடுஞ்சொல் சொல்லாத மனிதர், அது உயிரோடு இருக்கிறது என்று உறுதியானதும் ஆரம்பித்தார். என் ரம்பத்தை, என் லேத்தை, என் படிப்பை, என்னை மாப்பிள்ளையாகக் காட்டிய தரகரை என்று எதையும் விடவில்லை. படப்பையிலிருந்து சேலையூர் வரை திட்டிக்கொண்டே வந்தார். சல்லடையைக் கழற்றச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. நிம்மதியாகக் கேட்டுக்கொண்டு வந்தேன்.