இலுப்பை மரத்தில் இடப்பக்கம்

இலுப்பை மரத்தடி வந்ததும் செல்லியம்மாளின் கால்கள் தாமாக இடப்பக்கம் திரும்பிவிடும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். நேரே போகும் வரப்பு ஊர்த்தெருக் கந்தசாமியுடையது. இடப்பக்கம் ஏரியைச் சுற்றிப் போவது முள்வழி. காலனியிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வேலைக்குப் போகிற பெண்கள் எல்லோரும் அதில்தான் போவார்கள்.

எண்பத்தேழில், இட ஒதுக்கீடு கேட்டு ஊர்க்காரர்கள் சாலை மறியல் நடத்திய அந்த ஒரு வாரம், ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. ஊருக்கும் காலனிக்கும் நடுவே பேச்சும் நின்றிருந்தது. எந்தக் கூரையில் எப்போது தீ விழுமோ என்று காலனியில் குடங்குடமாகத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் காலை கந்தசாமியே காலனி முனையில் வந்து நின்றார்.

"செல்லி, எம் பொண்ணுக்குப் பனிக்குடம் ஒடஞ்சி போச்சு. ரோட்டுல வண்டி போவாது. ஓடைக்கு அந்தாண்ட நீங்க போற வழி எங்களுக்குத் தெரியாது. வந்து காட்டு."

பிரசவத்துக்கு வந்திருந்த மகள் அம்சவள்ளியை மூங்கிலில் கட்டிய புடவைத் தூளியில் கிடத்தி, முன்னால் அண்ணன் கொளஞ்சியப்பனும் பின்னால் தம்பி வெங்கடேசனும் தூக்கினார்கள். செல்லியம்மாள் முன்னே நடந்தாள். இலுப்பை மரத்தில் இடப்பக்கம் திரும்பினாள். போலீசுக்குப் பயந்து சுற்றுகிறாள் என்று நினைத்துக் கந்தசாமியும் மகன்களும் பின்னால் வந்தார்கள்.

ஏரிக்கரையில் பாதி தூரம் போனபோது தூளிக்குள்ளிருந்து அலறல். கொளஞ்சியப்பன் நின்றுவிட்டான்.

"இன்னாடி, வேணும்னே சுத்திக்கினு போறியா? நேரா வரப்பு இருக்குதில்ல? எந்தங்கச்சிக்கு எதுனா ஆச்சு, ஒன் வூடு இருக்காது, பாத்துக்க."



"அது வழின்னே எனக்குத் தோணலீங்க," என்றாள் செல்லியம்மாள். "எம் மாமியா ஒரு தபா அதுல ஏறுனதுக்குப் புல்லுக்கட்டோட கீழ தள்ளி வுட்டாங்க. பெரியவருக்குத் தெரியும்."

கந்தசாமி ஏரிப்பக்கம் பார்த்தார். தள்ளியது அவர்தான்.

"ஒங்க பஞ்சாயத்த நான் செத்தப்புறம் வெச்சிக்கங்க," என்று தூளிக்குள்ளிருந்து கத்தினாள் அம்சவள்ளி.

"குறுக்கால வரப்புல ஏறு," என்றார் கந்தசாமி. செல்லியம்மாள் அசையவில்லை. "ஏறுன்னு சொல்றன்ல. ஏறும்மா."

ஏறினாள். வரப்பு மெத்தென்று இருந்தது, ஒரு முள் இல்லை. ஆனாலும் பின்னாலிருந்து ஒரு அதட்டல் வரும் என்று அடிக்கு அடி முதுகு விறைத்தது. ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அங்கிருந்து காலனி தெரியவே இல்லை. கருவேல மரங்கள்தான் தெரிந்தன. இத்தனை வருஷம் கந்தசாமி பார்த்தது இதைத்தான் போலிருக்கிறது.

ஓடை தாண்டி ஆஸ்பத்திரி வாசலை எட்டிய கால்மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. அது அழுத பிறகுதான் செல்லியம்மாள் படியில் உட்கார்ந்தாள். திரும்பும்போது எந்த வழியில் போவது என்று யாரும் சொல்லவில்லை. அவள் ஏரியைச் சுற்றித்தான் வந்தாள்.

அந்த வரப்பு இப்போது சிமெண்ட் ரோடு. வயல்கள் வீட்டுமனை ஆகிவிட்டன. அன்று பிறந்த மணிமொழி மாமன் வீட்டுக்கு வரும்போது அதில்தான் ஸ்கூட்டியில் வருகிறாள். யார் வேண்டுமானாலும் போகலாம். செல்லியம்மாளுக்கு எழுபது ஆகிவிட்டது. ரேஷன் கடைக்கு அந்த ரோட்டில் போனால் பத்து நிமிஷம். அவள் இடப்பக்கம் திரும்பி, முக்கால் மணி நேரம் நடந்து போகிறாள்.